மெயில் மாறுகிற நாள்

செத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரின் தலையணைக்கு அடியில் கையை விட்டு மவுஸ் தேடுவது அவ்வளவு மரியாதையான காரியமல்ல. ஆனாலும் ஸ்டெபானி தேடினாள். மேசை மேல், மேசைக்குக் கீழே, அரிசி வாளிக்குப் பின்னால், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில்கூடத் தேடியாகிவிட்டது. மிச்சமிருந்தது அப்பாவின் கட்டில்தான். தலையணைக்கு அடியில் ஜெபமாலை இருந்தது. காய்ந்துபோன வெற்றிலை ஒன்று இருந்தது. மவுஸ் இல்லை.

“அப்பா, என்னோட மவுஸக் கண்டீங்களா? கறுப்பா, வாலு மாதிரி வயரோட இருக்குமே?”

ஞானப்பிரகாசம் கண்ணைத் திறக்காமல் தலையை அசைத்தார். அதை ஆம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். நாற்பது வருஷம் ரப்பர் மரத்தோடு பேசிய மனிதர். மனிதர்களிடம் அதிகம் பேசிப் பழக்கமில்லை.

கஞ்சிக் கோப்பையோடு உள்ளே வந்த பக்கத்து வீட்டு மல்லிகா, “மவுஸுன்னா எலிதானேடி?” என்றாள். “எங்க காம்பராவுல குடும்பமா இருக்கு. ஒண்ணு புடிச்சாரவா?”

“சிரிப்பு வர்ற நேரமாக்கா இது?”

“சிரிக்கச் சொல்லல. வேணுமான்னு கேட்டேன்.”

கரவனெல்ல ஆஸ்பத்திரி டொக்டர் நல்ல மனிதர். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்துவிட்டு, “கெதர எக்கங் யன்ன நங்கி” என்று சிங்களத்தில் தணிந்த குரலில் சொன்னார். வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லும்போது ஒரு டொக்டர் தங்கச்சி என்று கூப்பிட்டால் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். யோகராஜின் ஓட்டோவில், மல்லிகா ஒரு பக்கமும் ஸ்டெபானி ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, ஞானப்பிரகாசம் தெரணியகலை மலையேறித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். மாதா கோயில் சாமியும் நேற்று வந்து நெற்றியில் எண்ணெய் பூசிவிட்டுப் போயிருந்தார். இனி செய்ய ஒன்றுமில்லை. பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஒன்றைத்தான் செய்ய விடவில்லை. தோட்டத்து ஆபீஸில் ஸ்டெபானி சின்னக் கிளாக்கர். லீவு கேட்டதற்குத் தோட்டத்தை நடத்துகிற தொரை மிகுந்த மனவருத்தத்தோடு லெப்டொப்பை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்தார். கருணை என்பது இப்போதெல்லாம் சார்ஜரோடுதான் வருகிறது.

விஷயம் இதுதான். கம்பெனி, தன் தோட்டங்கள் எல்லாவற்றிலும் இத்தனை வருஷமாய் இருந்த மெயில் புரோகிராமைத் தூக்கிவிட்டு வேறொன்றுக்கு மாறுகிறது. கொழும்பில் நாற்காலி மாற்றினாலே விழா எடுக்கிறவர்கள், மெயில் மாற்றினால் சும்மா இருப்பார்களா? கேக் வெட்டினார்கள். பலூன் விட்டார்கள். மும்மொழியிலும் போஸ்டர் அடித்தார்கள். தமிழ்ப் போஸ்டரை யார் எழுதினார்களோ, எந்த மெஷின் எழுதியதோ, ஆபீஸ் வாசலில் கொட்டை எழுத்தில் தொங்கியது: ‘மாபெரும் இடப்பெயர்வு! இறுதி நாள் நெருங்குகிறது. பழையதை விட்டு வெளியேறத் தயாரா?’ அதைப் பார்த்த அன்றைக்கு மேல் லயத்து வரிசை வீடுகளில் இரண்டு பேர் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார்கள்.

ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒருவரைப் பிடித்து ‘சேன்ஜ் செம்பியன்’ என்று பட்டமும் கொடுத்தார்கள். பெரிய கிளாக்கருக்கு மவுஸைக் கண்டாலே கை நடுங்கும் என்பதால் பட்டம் ஸ்டெபானிக்கு வந்தது. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வட்டமான பேட்ஜும் உண்டு. பழைய புரோகிராம் அவளுக்குச் சமையலறை மாதிரி. இருட்டிலும் கை நீட்டி உப்பை எடுக்கலாம். முதல் எழுத்தைத் தட்டினால் போதும், யாருக்கு என்று அதுவே சொல்லும். புதியதற்கு யாரையும் தெரியாது. தொரையின் பெயரை அடித்தாலும், யார் இவர் என்பது போலச் சும்மா இருந்தது. அந்த விஷயத்தில் மட்டும் அவளுக்கு அதைப் பிடித்திருந்தது.

இன்று அஞ்சு மணியோடு பழையது மூடப்படும். கொழும்பிலிருந்து இதை நடத்திக்கொண்டிருந்தவர் எட்வின் சேர். நேரில் யாரும் பார்த்ததில்லை. குரலிலேயே டை கட்டியிருப்பது தெரியும். இரண்டு நாளாக அவர் பேசியதெல்லாம் ஸ்பீக்கரில்தான். இரண்டு கையும் லெப்டொப்பிலேயே இருப்பவள் போனை எங்கே பிடிப்பது? நேற்று மவுஸ் காணாமல் போன பிறகு வழுக்கல் பலகையைத் தடவவும் இரண்டு கை வேண்டியிருந்தது. லயத்து வீட்டில் காம்பரா என்கிற அறையோ ஒன்றே ஒன்று. மேசை ஒரு சுவரோரம், கட்டில் மறு சுவரோரம்.

“மிஸ் ஸ்டெபானி, இன்டைக்கு லாஸ்ட் டே. ஃபைவ் ஓ க்ளொக்கோட பழைய மெயில் நிண்டுடும். அதுக்குள்ள புது மெயில்ல ஏறாதவங்க அப்படியே விடுபட்டுப் போயிடுவாங்க. விளங்குதா?”

“விளங்குது சேர்.”

“பேர் பதிஞ்சாச்சா? போட்டோ?”

“நேத்தே குடுத்துட்டேன் சேர்.”

“குட். எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு வராதீங்க. லிமிட் இருக்கு. பழசெல்லாம் சும்மா பாரம். உங்களுக்குத் தேவையானத மட்டும் எடுத்துக்கொண்டு, பழச அங்கேயே விட்டுட்டு வாங்க.”

“சரிங்க சேர்.”

போன் அணைந்தது. ஸ்டெபானி விரலால் தடவினாள். அம்பு மேலே போகச் சொன்னால் கீழே போயிற்று.

“மெயிலு எத்தன மணிக்கி?”

“அஞ்சு மணிப்பா” என்றாள் திரும்பாமலே. பிறகுதான், கேட்டது அப்பா என்பது உறைத்தது. காலையிலிருந்து ஒரு சொல் பேசாத மனிதர். திரும்பிப் பார்த்தாள். ஞானப்பிரகாசம் கண்ணைத் திறந்திருந்தார். பார்வை கூரையில் இருந்தது. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கி, கீழே எதையோ தடவிக்கொண்டிருந்தது.

குனிந்து பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் காலமான அம்மா தெரேசம்மாவின் தகரப்பெட்டி. எப்போதும் சுவரோடு ஒட்டிக் கிடக்கிற பெட்டி முன்னால் இழுக்கப்பட்டு, நெடுக்கிலும் குறுக்கிலும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. நேற்று அவள் இன்டர்நெட் டொங்கிள் எடுத்துவர ஆபீஸுக்குப் போயிருந்தாள். அந்த நேரத்தில், மூத்திரம் போக எழுந்து உட்காரவே ஆள் தாங்க வேண்டியிருந்த இந்த மனிதர் தரையில் இறங்கி, தவழ்ந்து, பெட்டி கட்டியிருக்கிறார்.

“என்னப்பா இது?”

“கட்டியாச்சு.”

மவுஸ் இதற்குள்தான் போயிருக்குமோ என்று கயிற்றில் கை வைத்தாள். அந்தக் கிழட்டுக் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இவ்வளவு பலம் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை.

“அவுக்காத புள்ள. மறுபடி கட்ட எனக்கு ஏலாது.”

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் சேர்ந்து விளங்கிற்று. மெயில். பேர் பதிவது. போட்டோ. பாரம். இடப்பெயர்வு. அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு மெயில் என்றால் ஒன்றுதான். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து, இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிற தலைமன்னாருக்குப் போகும் ரயில், மெயில் கோச்சி. இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்களும் கை குலுக்கி, போட்டோவுக்குச் சிரித்து, தோட்டத்து ஆட்களை உனக்கு இத்தனை எனக்கு இத்தனை என்று பங்கு போட்டுக்கொண்ட காலம். ஞானப்பிரகாசத்தின் அம்மா, அக்கா, தம்பி மூன்று பேருக்கும் இந்தியா என்று வந்தது. வயது வந்த ஆண்பிள்ளை என்பதால் அவருக்குத் தனி விண்ணப்பம். அது எந்த மேசையில் எந்த ஐயாவின் பேனாவில் மாட்டியதோ, அவருக்கு இலங்கை என்று வந்தது. அவர்களை ஏற்றிவிடக் கோட்டை வரைக்கும் போனார். மெயில் போயிற்று. அவர் பிளாட்போமில் நின்றார்.

இந்தக் கதையை அவர் ஒருநாளும் முழுசாய்ச் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் கயிற்றைப் பற்றித்தான். அவர்களுடைய பெட்டியைக் கட்டிக்கொடுத்தது அவர். அந்த முடிச்சு கடல் தாண்டி மண்டபம் கேம்ப் வரைக்கும் நெகிழவில்லையாம். அக்கா அங்கே யாரிடமோ அரிவாள் கடன் வாங்கிக் கயிற்றை வெட்டினாளாம். “வெட்டித்தான் தொறந்தாளாம்” என்று ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஒரு தரம் சொல்லிச் சிரிப்பார். மற்றவர்களும் சிரிப்பார்கள்.

சாகிற நேரத்தில் இந்த மனிதருக்கு மறுபடியும் அந்தப் பயமா? அதுவும் ஒரு புரோகிராமால்? வைத்தியம் முடிந்துவிட்டது, ஜெபம் முடிந்துவிட்டது. பயமில்லாமல் போக வைப்பது ஒன்றுதான் மகள் என்று அவள் செய்யக்கூடியது. இப்போது அதுவும் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

கட்டிலில் உட்கார்ந்து அவர் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“அப்பா, இங்க பாருங்க. இது கோச்சி மெயில் இல்ல. கம்பியூட்டர் மெயிலு. கடுதாசி மாதிரி. பழைய பெட்டியில இருந்து புதுப் பெட்டிக்கி மாத்துறோம். அவ்வளவுதான்.”

“பெட்டி கட்டியாச்சு” என்றார் அவர்.

“அந்தப் பெட்டி இல்லப்பா. நெசமான பெட்டி இல்ல. கம்பெனிக்காரங்க மாறச் சொல்றாங்க, நாங்க மாறுறோம்.”

“நீ கையெழுத்துப் போட்ட.”

போட்டாள்தான். நிபந்தனைகளுக்குச் சம்மதம் என்ற கட்டத்தில் விரலால் கையெழுத்தே போடச் சொல்லியிருந்தது.

“போட்டோவும் புடிச்ச.”

அதுவும் உண்மை. தலையைச் சீவி, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து பிடித்தாள். அப்பா பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தார்.

“எங்கயும் போகலப்பா. மாதா சத்தியமா. யாரும் ஒங்கள எங்கயும் அனுப்ப மாட்டாங்க. நீங்க இங்கயேதான் இருப்பீங்க. இந்தக் கட்டில்ல, இந்தக் காம்பராவுலயே.”

அவர் அவளையே பார்த்தார். கண்ணோரம் ஈரம் கட்டியது. அவள் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு இன்னும் ஒரு தரம் அழுத்திச் சொன்னாள்: “நீங்க எங்கயும் போக மாட்டீங்க.”

மல்லிகாவுக்கு விஷயத்தைக் காதில் சொன்னதும் அவள் தன் பங்குக்கு உதவ வந்தாள். உதவி செய்வதில் மல்லிகா லேசில் பின்வாங்க மாட்டாள்.

“மாமா! இந்தியாவுக்கு இப்ப யாரு கோச்சியில போறா? அந்தக் கப்பலே இல்லியே. இப்ப எல்லாம் பிளேன்லதான். ஏறி உக்காந்தா டீத்தண்ணி குடிக்கிறதுக்குள்ள போய்ரலாம்.”

“அக்கா, தயவுசெஞ்சி வாய மூடு.”

“நல்லதுக்குத்தானே சொன்னேன்!”

ஞானப்பிரகாசம் மல்லிகா பக்கம் தலையைத் திருப்பினார்.

“கஞ்சி… பொறகும் தருவியா?”

“பொறகு எதுக்கு மாமா, இப்பவே ஊத்தறேன்.”

“இப்ப வேணாம். பொறகு.”

“நான் தராம யாரு தருவா? தெனமும் கொண்டாருவேன்.”

அவர் அதை யோசித்துப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். கோப்பையில் ஒரு கரண்டிகூடக் குறையவில்லை.

ஸ்டெபானி எழுந்து போனை எடுத்தாள். பிறகு நடந்ததை நினைத்தால் அவளுக்கே வெட்கமாயிருக்கும். ஆனால் அந்த நேரத்தில் எட்வின் சேர் அவளுக்குக் கடவுளுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தார். கடவுள் போனை எடுப்பதில்லை. இவர் எடுத்தார்.

“சேர், ஒரு ஒதவி. எங்கப்பா சீரியஸா இருக்காரு. நீங்க ஸ்பீக்கர்ல பேசினதக் கேட்டுட்டு நம்மள இந்தியாவுக்கு அனுப்பப் போறாங்கன்னு பயந்து கெடக்காரு. மைக்ரேஷன் கென்சல்னு ஒரு வார்த்த அவருகிட்ட சொல்லுங்க சேர்.”

“கென்சலா? மிஸ் ஸ்டெபானி, இது போர்ட் எடுத்த டிசிஷன். கென்சல் பண்ண எனக்கு பவர் இல்ல.”

“பண்ண வேணாம் சேர். சொன்னா போதும். பொய்யி.”

“இது ரெக்கோர்ட் ஆகிற லைன்.” எட்வின் சேர் தொண்டையைச் செருமினார். “ஃபாதர் விஷயம் எனக்கும் கவலைதான். முதல்ல நீங்க முடியுங்க. முடிச்சாப் பிறகு பேசுவம்.”

முடிக்க வேண்டும். அவ்வளவுதானே? ஸ்டெபானி மேசையில் போய் உட்கார்ந்தாள். மவுஸ் இல்லாத கையோடு, வழுக்கல் பலகையில் மாவு பிசைவது போல அழுத்தித் தேய்த்தாள். தேயிலைக் கொழுந்து மெயில், ரப்பர்ப்பால் மெயில், உர மெயில், தொரையம்மாவின் ரோஜாச் செடிக்கு எருக் கேட்ட மெயில் என்று வருஷக்கணக்கான குப்பையைக் கட்டுக்கட்டாய் இழுத்துப் போட்டாள். பின்னால் அப்பாவின் மூச்சு, ரம்பத்தால் ஈர மரம் அறுப்பது மாதிரி. அது நிற்கிற போதெல்லாம் இவள் கை நிற்கும். அது தொடங்கினால் இவளும் தொடங்குவாள். ஓரத்தில் ஒரு பட்டை நிறைந்துகொண்டே வந்தது. கம்பெனியை, தொரையை, கேக் வெட்டினவர்களை, கேக்கை எல்லாம் மனசுக்குள் வைதாள். அப்பாவின் பக்கம் திரும்பி, “இதோ ஆச்சுப்பா, முடிஞ்சிச்சுப்பா” என்றாள்.

முடிந்தது. திரை முழுக்க வண்ணக் காகிதத் துண்டுகள் மேலேயிருந்து கொட்டின. கல்யாண வீட்டில் தூவுவது போல. நடுவில் வாழ்த்துக்கள் என்று எழுதியிருந்தது. அந்த வெளிச்சம் சிவப்பும் பச்சையுமாய் ஞானப்பிரகாசத்தின் முகத்தில் ஓடியது.

போன் அடித்தது.

“மிஸ் ஸ்டெபானி! கங்கிராஜுலேஷன்ஸ்! டிஸ்ட்ரிக்ட்லயே நீங்கதான் ஃபெர்ஸ்ட்! உங்கட பேர நான் மேனேஜ்மென்ட்டுக்கு…”

“சேர், எங்கப்பாகிட்ட பேசுங்க.”

“மிஸ் ஸ்டெபானி, இது ரெக்கோர்ட்…”

“எனக்குப் பரிசு வேணாம், பேரு வேணாம். பேசுங்க சேர். ஒங்களக் கெஞ்சிக் கேக்குறேன்.” அவள் குரல் உடைந்து, கெஞ்சலும் அதட்டலுமாய் வந்தது. “ஒங்களுக்கு என்னா சேர் தெரியும்? ஒங்க வீட்டுல யாரயாவது மெயில்ல ஏத்திவிட்டீங்களா?”

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்படுவது கேட்டது. பிறகு வந்த குரலில் டை இல்லை.

“எங்க பெரியம்மா குடும்பம் போனாங்க” என்றது அந்தக் குரல். “நாங்களும் ஓப்பநாயக்க பக்கம் தோட்டத்து ஆளுங்கதான். இங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. ஐயாகிட்ட குடுங்க.”

போனைக் கொண்டுபோய் அப்பாவின் காதோரம் பிடித்தாள்.

“ஐயா! நல்லா இருக்கீங்களா?” எட்வின் கேட்டார். சாகிறவரிடம் கேட்கத் தகுந்த கேள்விதான். “ஐயா, நான் கொழும்புல இருந்து பேசுறேன். மெயிலு வேல எல்லாம் நம்ம கையிலதான். நான் சொல்றதக் கேளுங்க. ஒங்கள யாரும் எந்த மெயில்லயும் ஏத்த மாட்டாங்க. ஒங்க பேரே அதுல இல்ல. நல்லாப் பாத்துட்டேன். நீங்க நிம்மதியா அங்கயே இருங்க.”

ஞானப்பிரகாசத்தின் உதடு அசைந்தது. ஸ்டெபானி குனிந்தாள். அவளிடமில்லை, போனிடம்தான் பேசினார்.

“புள்ள?”

“யாரு, மகளா?” எட்வினின் குரலில் உற்சாகம் ஏறியது. நல்ல சேதி சொல்ல வாய்த்தவனின் உற்சாகம். “அவங்க கெட்டிக்காரி ஐயா! அவங்க மொதல்லயே மாறியாச்சு. எல்லாருக்கும் முந்தி அவங்கதான். அவங்களப் பத்திக் கவலையே படாதீங்க!”

ஞானப்பிரகாசம் கொஞ்ச நேரம் போனைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். இந்தத் தடவை சந்தேகமில்லை, ஆம்தான்.

“அப்ப சரி” என்றார்.

சுவர்ப் பக்கம் மெதுவாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் தளர்ந்தது. பெட்டியைத் தடவிக்கொண்டிருந்த கை நெஞ்சுக்கு வந்தது. ஸ்டெபானி போனில் நன்றி சொல்ல வாயெடுத்து, வராமல், வாசலுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மல்லிகா வந்து முதுகைத் தடவினாள்.

“மொகத்தப் பாத்தியா? சின்னப்புள்ள மாதிரி ஆயிருச்சு. பயம் போயிருச்சுடி.”

“போயிருச்சுக்கா.”

பின்னேர மழை தகரக் கூரையில் இறங்கியபோது அவர் தண்ணீர் கேட்டார். கரண்டியால் ஊற்றினாள். பாதி உள்ளே போயிற்று, பாதி கன்னத்தில் வழிந்தது.

“கோட்டையில எறங்கி ஏறணும்” என்றார். “பெட்டிய விட்டுறாத.”

மழைச் சத்தத்தில் அவள் குனிந்து கேட்டாள். பழைய நினைப்பில், அக்காவிடம் பேசுகிறார் என்று தோன்றியது. அக்காவாகவே இருந்துவிட்டுப் போவோம் என்று நினைத்தாள்.

“விட மாட்டேன்” என்றாள்.

மழை விடுவதற்கு முன் மூச்சு நின்றுவிட்டது. அவள் இந்தத் தடவையும் அது மறுபடி தொடங்குவதற்காகக் காத்திருந்தாள். மேசையில் லெப்டொப் தானாகவே இருட்டிக்கொண்டது.

அடக்கத்துக்குக் கட்ட அவளுடைய வெள்ளைச் சேலையைக் காணவில்லை. கோயிலுக்கென்று வைத்திருந்த ஒரே வெள்ளைச் சேலை. கொடியில் பார்த்தாள், மூட்டையில் பார்த்தாள். துக்க வீட்டில் சேலை தேடிக்கொண்டு நிற்க முடியாது. மல்லிகாவின் சேலையை வாங்கிக் கட்டிக்கொண்டாள். பூப் போட்ட கரை. பரவாயில்லை, வெள்ளையில்தான் பூ.

கல்லறையில் சாமியின் ஜெபம் முடிந்ததும் பெரிய கிளாக்கர் முன்னால் வந்து, கம்பெனியின் அனுதாபச் செய்தியை வாசிக்கப் போவதாக அறிவித்தார். புது மெயிலில் தோட்டத்துக்கு வந்த முதல் கடிதம் அது. அதை பிரின்ட் எடுத்துத் தமிழில் எழுதிவைத்திருந்தார். அன்னாரின் அரிய சேவை, ஈடு செய்ய முடியாத இழப்பு என்று கணீரென்று வாசித்தார். உற்சாகத்தில் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கடைசி வரிகளையும் விடவில்லை. “இச்செய்தி உரியவருக்கு மட்டுமே ஆனது. இது தங்களுக்குத் தவறுதலாகக் கிடைத்திருப்பின் உடனடியாக அழித்துவிடவும். அச்சிடும் முன் சூழலைக் கருத்தில் கொள்க.” கொஞ்சம் நிறுத்தி, தலையைக் குனிந்து, “ஆமென்” என்று சேர்த்துக்கொண்டார். எல்லோரும் ஆமென் என்றார்கள். பிறகு மண் போட்டார்கள்.

“நிம்மதியாப் போனாரு” என்றார்கள் வந்தவர்கள் எல்லோரும். மல்லிகா கதையை எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். “கடைசி நேரத்துல கொழும்பு ஐயாவே பேசி, பயத்தப் போக்கிட்டாராமே. கொடுத்துவச்ச மனுசன்.” ஸ்டெபானி தலையாட்டினாள். அந்த ஒன்றைத்தான் அவள் இரண்டு நாளாய்ப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் போன பிறகு லெப்டொப்பைத் திறந்தாள். எட்வின் எழுதியிருந்தார். சேரும் இல்லை, கம்பெனிப் பெயரும் இல்லை. ‘உங்க அப்பா கிட்ட பேசக் கெடச்சது எனக்கு ஆறுதல்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே, நீ எழுதிச் சிரமப்பட வேண்டாம் என்று புது மெயிலே மூன்று பதில்களைத் தயாராக வைத்திருந்தது. நன்றி. குறித்துக்கொண்டேன். அருமை!

அவள் சொந்தமாக எழுத நினைத்தாள். அம்பு வழுக்கி வழுக்கி ‘அருமை’க்கே போயிற்று. மவுஸ் இருந்தால் தேவலை. எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை வெளியே இழுத்தாள்.

வாசலில் சட்டி கழுவிக்கொண்டிருந்த மல்லிகா எட்டிப் பார்த்தாள். “கயிற வெட்டிரு. கத்தி தரவா?”

“வேணாங்க்கா.”

நகத்தால் அவிழ்த்தாள். நெடுநேரம் ஆயிற்று. நகம் ஒன்று பிய்ந்து இரத்தம் வந்தது. முடிச்சு நல்ல முடிச்சு.

மேலே அவளுடைய வெள்ளைச் சேலை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே ஆபீஸுக்குப் போடுகிற உடுப்புகள், ஒன்றுவிடாமல். அவளுடைய துவாய், சீப்பு, அம்மாவின் படம், குடை. நன்றாய் விளைந்த தேங்காய் ஒன்று. எல்லாவற்றுக்கும் நடுவில், நசுங்காதபடி சேலைத் துணியில் சுற்றி, வயரை, ரப்பர் பால்வெட்டுக்காரன் வாளிக் கம்பியைச் சுருட்டுகிற மாதிரி வட்டம் வட்டமாய்ச் சுருட்டி, மவுஸ்.

அவள் அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். அப்பா இடுப்பில் உடுத்துகிற சாரம் இல்லை. சட்டை இல்லை. வெற்றிலைப் பை இல்லை. நிமிர்ந்தாள். சாரம் கொடியில்தான் கிடந்தது.

பெட்டி இருந்த இடம் இப்போது வெறுமையாய் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம், சுவரோரம், முன்னால் இழுத்து வைத்த பெட்டி மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் சில சாமான்கள் தெரிந்தன. மூடி போட்ட தண்ணீர்ச் செம்பு. தம்ளர். அவர் சாப்பிடுகிற பீங்கான். நெருப்புப் பெட்டி, அதன் மேல் ஒரு மெழுகுவர்த்தி. பிஸ்கட் பக்கெட் ஒன்று, பிரிக்காதது. ஒன்றை ஒன்று தொடாமல் வரிசையாய் வைத்திருந்தார். அவளோடு பெட்டியும் போய்விட்டால், கட்டிலில் தனியாய்ப் படுத்தபடியே கையை நீட்டி எடுக்கலாம்.

“என்னடி சத்தத்தையே காணோம்?” வாசலிலிருந்து மல்லிகா கேட்டாள். “கெடச்சிச்சா?”

“கெடச்சிருச்சு.”

மவுஸைச் சேலையில் மறுபடி சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள். மூடியை அழுத்தினாள். பிறகு தரையில் முழங்காலிட்டு, தம்ளரில் இடித்துவிடாமல், பெட்டியைப் பழைய இடத்துக்கே மெல்ல மெல்லத் தள்ளினாள்.